இரவல் எண்ணின் இருப்பு

ஒரு விரிதாளின் கட்டத்தில் 4,250 என்று தெரிகிறது. அதை அங்கே எவரும் தட்டச்சு செய்யவில்லை. கூகுள் ஷீட்ஸின் ‘இம்போர்ட்ரேஞ்ச்’ வாய்பாடு வேறொரு கோப்பிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் இருப்பது எண்ணா, எண்ணின் சாயலா? கணக்கருக்கு வேண்டாத கேள்விதான். ஆனால் ஒன்றைச் சார்ந்தே இருப்பது மெய்யாக இருக்கிறதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதாடிய கேள்வி.

வாய்பாட்டுக்கு மூலக் கோப்பின் முகவரியும் அதில் எந்தத் தாள், எந்தக் கட்டங்கள் என்பதும் தெரிந்தால் போதும். முதல் இணைப்பின்போது அது அனுமதி கேட்கும். கிடைத்த பிறகு மதிப்பு மட்டுமே வரும். மூலத்தில் அதைப் பிறப்பித்த வாய்பாடோ நிறமோ வராது. வந்த எண்ணை இங்கிருந்தபடி திருத்தவும் வழியில்லை.

அத்வைதம் இதைக் கண்ணாடி முகமாகப் பார்க்கும். அதற்குள்ளேயே இரு கட்சி உண்டு: விவரண மரபுக்குப் பிரதிபிம்பம் பிம்பமேதான், பஞ்சதசி எழுதிய வித்யாரண்யருக்கு அது வெறும் தோற்றம். துவைதத்தின் மத்வர் இரண்டையும் ஏற்கமாட்டார். சுதந்திரமானது ஒன்றே, மற்றதெல்லாம் பரதந்திரம் (சார்ந்திருப்பது), ஆயினும் மெய் என்பது அவர் வழி. இரவல் எண்ணைக் கூட்டிச் சம்பளம் போட முடிகிறதே, பொய் என்று எப்படிச் சொல்வது?

எனினும் கட்டத்துக்கு மிக நெருங்கி வருவது சைவ சித்தாந்தமே. 12 சூத்திரங்கள் கொண்ட சிவஞானபோதத்தின் ஏழாவதில் மெய்கண்டார் உயிரைச் சத்தும் (மாறா மெய்யும்) அல்லாமல் அசத்தும் அல்லாமல் சதசத்து என்று வைக்கிறார். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். செம்மலரருகே வைத்த படிகம் சிவப்பாவதுபோல. சிவப்பு படிகத்துடையதன்று, ஆனால் அதை ஏற்கும் தெளிவு படிகத்துடையது. கட்டமும் அப்படியே: எண் இரவல், ஏற்கும் இடம் சொந்தம். உவமை ஓரிடத்தில் தடுமாறுகிறது. மலரை மாற்றினால் படிகம் அக்கணமே நிறம் மாறும். இம்போர்ட்ரேஞ்சோ கோப்பு திறந்திருக்கையில் மணிக்கொருமுறைதான் மூலத்தில் மாற்றம் உண்டா என்று தானாகப் பார்க்கும்.

எக்செல் இன்னும் விலகிப் போகிறது. மூலப் பணிப்புத்தகம் மூடிக் கிடந்தாலும், இணைப்பைப் புதுப்பிக்க மறுத்தாலும், கடைசியாக வந்த எண் கட்டத்தில் அப்படியே நிற்கும். இது படிகமன்று, பெருங்காயம் இருந்த பாண்டம். முன்வினையின் எச்சத்தைத் தத்துவ நூல்களும் வாசனை என்றே அழைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், பழைய மணமும் புதிய மணமும் கட்டத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அறிவு மெய்யென்பது அந்த அறிவாலேயே விளங்கும் என்பது மீமாம்சகர் கொள்கை. வெளியிலிருந்துதான் சரிபார்க்க வேண்டும் என்பது நியாய மரபினரான நையாயிகர் கொள்கை. இணைத்த கட்டத்தைப் பொறுத்தவரை வழக்கு நையாயிகர் பக்கமே: மூலக் கோப்பைத் திறந்து பார்க்காமல் 4,250 இன்றைய எண்ணா, போன மாதத்து எண்ணா என்று சொல்ல முடியாது.