மாத வாடகைக்கு ஒரு சங்கம்

2019 ஆகஸ்டில் வீவொர்க் நிறுவனம் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் ஓர் ஆவணத்தைத் தாக்கல் செய்தது. வக்கீல்களும் தணிக்கையாளர்களும் சேர்ந்து எழுதும் சமாசாரம் அது. பக்கம் பக்கமாக அபாயங்களின் பட்டியல்தான் இருக்கும். இந்த ஆவணத்திலோ சமர்ப்பணம் இருந்தது. கூடி வாழ்வதன் சக்தி என்ற ஒன்றுக்கு, தனி மனிதர் எவரையும்விடப் பெரிதாகவும் ஒவ்வொருவருக்குள்ளும் உறைவதாகவும் சொல்லப்பட்ட ஒன்றுக்கு, அந்த நூற்றுக்கணக்கான பக்கங்களைக் காணிக்கையாக்கியிருந்தார்கள். உலகத்தின் பிரக்ஞையை உயர்த்துவது நிறுவனத்தின் நோக்கம் என்றும் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கடந்ததும் எல்லாவற்றுக்குள்ளும் நிறைந்ததும் என்று சமயங்கள் காலகாலமாகப் பேசிவரும் பேச்சு இது. நிறுவனம் செய்த தொழில் என்னவோ எளிமையானது: கட்டடங்களில் மாடி மாடியாக நீண்ட காலக் குத்தகைக்கு எடுப்பது, கண்ணாடித் தடுப்பு போட்டுப் பிரிப்பது, மேசை மேசையாக மாத வாடகைக்கு விடுவது. 2018இல் வருமானம் ஏறத்தாழ 180 கோடி டாலர், நஷ்டம் சுமார் 190 கோடி. சமர்ப்பணத்தைப் படித்துப் பலர் சிரித்தார்கள். பங்கு விற்பனை அடுத்த மாதமே கைவிடப்பட்டது, சிரிப்பும் நியாயம்போல ஆயிற்று. ஆனால் அந்த வாக்கியத்தில் இருந்த உரிமைகோரலைச் சிரிக்காமல் எடுத்துப் பார்ப்பது நல்லது. உலகமெங்கும் படைப்பாளிகளுக்கான பணிக்கூடங்கள் இன்று அதே உரிமைகோரலைச் சற்றே அடக்கமான குரலில் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிறுவியவர்கள் இருவருக்கும் கூட்டு வாழ்க்கை என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. ஆடம் நியூமன் இளமையில் சில காலம் இஸ்ரேலில் நீர் ஆம் என்ற கிபுட்ஸில், அதாவது கூட்டு வாழ்க்கைக் கிராமத்தில், வளர்ந்தவர். கட்டடக்கலை படித்த மிகேல் மெக்கெல்வி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சில பெண்கள் சேர்ந்து பிள்ளைகளை வளர்த்த கூட்டுக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர். முதலாளித்துவக் கிபுட்ஸ் கட்டுவதாகவே நியூமன் சொல்லிக்கொண்டார். அதற்கான கருவி உள்ளலங்காரம். மரத்தரை, மெத்தென்ற சோபா, குழாயைத் திறந்தால் பீர், சுவரில் நியான் எழுத்து, பிடித்ததைச் செய் என்று உபதேசிக்கும் காபிக் கோப்பை. இதிலெல்லாம் புத்திசாலித்தனமானது நடைவழி. எதிரும் புதிருமாக வரும் இருவர் தோளைச் சற்றுத் திருப்பாமல் கடக்க முடியாத அளவுக்கு அதைக் குறுக்கிவைத்தார்கள். தோளைத் திருப்பினால் கண் பார்க்கும், கண் பார்த்தால் பேச்சு வரும் என்பது கணக்கு. நடைவழி குறுகினால் மேசை கூடும், மேசை கூடினால் வாடகை கூடும் என்பது இன்னொரு கணக்கு. எல்லாப் பக்கமும் கண்ணாடி என்பதால் தனியாகப் போனில் பேச மரப்பெட்டி போன்ற சிறு அறைகள் தேவைப்பட்டன. 2019 அக்டோபரில் அவற்றில் சுமார் 1,600 அறைகளில் ஃபார்மால்டிஹைடு அளவுக்கு மீறி இருக்கலாம் என்று மூட வேண்டியதாயிற்று. அந்தக் கூடத்தில் தனிமை கிடைத்த ஒரே இடம் அது.

கூட்டுணர்வும், இந்த வேலைக்காகவே பிறந்தேன் என்ற உணர்வும் ஓர் அறையின் அமைப்பால் உண்டாகக்கூடியவையா? இது வியாபாரக் கேள்வி அல்ல, சமயக் கேள்வி. இதற்கு முன் இதைக் கேட்டு, தங்கள் வாழ்நாளையே பதிலாக வைத்தவர்கள் துறவிகள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய விதிநூலில் 73 அத்தியாயங்கள் உண்டு. சேர்ந்து இருப்பதையும் சேர்ந்து உழைப்பதையும் பற்றிய அந்த நூலில் கட்டடத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமில்லை. ஜெபக்கூடத்தில் ஜெபத்தைத் தவிர வேறொன்றும் நடக்கக் கூடாது, வேறு சாமான் வைக்கக் கூடாது. தண்ணீர், மாவரைக்கும் ஆலை, தோட்டம், பட்டறைகள் மதிலுக்குள்ளேயே இருந்தால் நல்லது. அவ்வளவுதான். ஆனால் சமையலறைக்கு ஒரு முழு அத்தியாயம். எல்லாரும் முறைவைத்து வாரம் ஒருவராகப் பரிமாற வேண்டும். முறை முடிகிறவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சகோதரர்கள் கையும் காலும் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். அவரும், அடுத்த வாரத்துக்கு வருகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் பொறுப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். பணிக்கூடத்தின் பான்ட்ரியில் யாரோ குடித்து வைத்த கோப்பையை ஒப்பந்தக்காரர் அனுப்பிய பெண் ஒருத்தி கழுவுகிறாள். மேலே நியான் எழுத்து ஒற்றுமையைப் பாடிக்கொண்டிருக்கும். கைவினைஞர்களுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கலைத்திறன் உள்ளவர் பணிவோடு அதைச் செய்யட்டும். தன் திறமையால் மடத்துக்கு லாபம் என்று தலைக்கனம் பிடித்தால் அந்த வேலையிலிருந்தே அவரை எடுத்துவிட வேண்டும். விற்கும்போது வெளியார் விலையைவிடச் சற்றுக் குறைத்து விற்க வேண்டும். பிடித்ததைச் செய் என்ற உபதேசத்துக்கு இதைவிட நேரெதிரான வாசகம் கிடைப்பது அரிது. உனக்குப் பிடித்திருப்பதே ஆபத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்கிறார் பெனடிக்ட்.

ஸ்விட்சர்லாந்தின் ஸாங்ட் காலன் மட நூலகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல்மேல் வரைந்த மடத்தின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கோயிலிலிருந்து கோழிக்கூடு, பீர் காய்ச்சும் கூடம், கழிப்பறை இருக்கைகள்வரை ஒழுங்காக வரைந்திருக்கிறார்கள். வரைந்தபடி அது கட்டப்படவே இல்லை. ஆனாலும் வரைய முடிந்தது, ஏனென்றால் யார் எப்போது எழுவது, எப்போது உண்பது, யாருக்கு யார் பணிவிடை செய்வது என்பதெல்லாம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. என் வாதம் இவ்வளவே: ஓர் இடத்தில் சங்கம் உருவாவது அங்கே இருப்பவர்கள் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பதால். சுவரும் ஜன்னலும் அந்தக் கட்டுப்பாட்டைப் பதிவு செய்யலாம், நினைவூட்டலாம். அவற்றால் அதை உண்டாக்க முடியாது. கட்டுப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்ட அலங்காரம், இன்னும் யாரும் எடுக்காத விரதத்தின் படம்.

பெனடிக்டின் துறவி சேரும்போது எடுக்கும் சபதங்களில் ஒன்று, இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன் என்பது. பணிக்கூடம் விற்கும் முதன்மையான சரக்கோ எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது. மாதாமாதம் புதுப்பிக்கும் ஒப்பந்தம், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். இதில் தவறில்லை, கையில் காசு நிலையில்லாத சிறு தொழில்காரருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் உள்ளலங்காரம் ஒரு வாக்குறுதி தருகிறது, ஒப்பந்தம் அதற்கு எதிரான இன்னொன்றைத் தருகிறது. நீ இங்கே உரியவன் என்கிறது சுவர்; உன்னை எதுவும் கட்டிவைக்கவில்லை என்கிறது தாள். வீவொர்க் கதையில் நீண்ட கால விரதம் எடுத்த ஒரே ஆள் நிறுவனம்தான், அதுவும் கட்டட முதலாளிகளிடம். அந்த 2019 ஆவணத்தின்படி எதிர்காலக் குத்தகைக் கடப்பாடு சுமார் 4,700 கோடி டாலர். அந்த விரதத்தையும் அது முழுமனதோடு எடுக்கவில்லை: குத்தகைகளைப் பெரும்பாலும் தனித்தனித் துணை நிறுவனங்களின் பேரில் எழுதி, ஒன்று முறிந்தால் மற்றதைத் தொடாதபடி பார்த்துக்கொண்டது. 2023 நவம்பரில் திவால் நீதிமன்றத்துக்குப் போய், பல குத்தகைகளை முறித்து, மற்றவற்றில் வாடகையைக் குறைத்துப் பேசி, 2024இல் வெளியே வந்தது.

சமயங்கள் மட்டும் பிராண்ட் நடத்தவில்லையா என்று கேட்கலாம். நடத்தின. அமெரிக்காவின் ஷேக்கர்களைப் போல உள்ளலங்காரத்தில் அக்கறை காட்டிய சமயக் குழு குறைவு. 1845ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் ஆராதனைக் கூடம் வெளியே வெள்ளை, உள்ளே நீலச்சாயல், கட்டில்களுக்குப் பச்சை, முகம் பார்க்கும் கண்ணாடி 18 அங்குலத்துக்கு 12 அங்குலத்தை மிஞ்சக் கூடாது. சுவர் முழுக்க ஆள் உயரத்தில் மர முளைகள் ஓடும். பெருக்கும்போது நாற்காலிகளைத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள். 1870களில் மவுண்ட் லெபனான் கிராமத்து ஷேக்கர்கள் நாற்காலிகளுக்கு விலைப்பட்டியல் அச்சிட்டார்கள், போலிகளிலிருந்து பிரித்துக் காட்டத் தங்க நிற முத்திரை ஒட்டினார்கள். சுத்தமான பிராண்டிங், சந்தேகமே இல்லை. ஆனால் அது எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். முத்திரை வெளியே வாங்குகிறவனுக்கு: இது எங்கள் பட்டறையில் செய்தது. உள்ளே விதி வேறு. அதே 1845 தொகுப்பு, செய்த பொருளில் இன்னார் கைவேலை என்று தெரியும்படி யாரும் தன் பெயரை எழுதக் கூடாது என்கிறது. ஊருக்கு முத்திரை, தனி ஆளுக்குப் பெயரே இல்லை. பணிக்கூடத்தின் நியான் எழுத்தோ உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துப் பேசுகிறது, நீ யார் என்று அவனுக்கே சொல்லிக்கொடுக்கிறது. ஏற்கெனவே ஒன்றாக இருப்பவர்களுக்கு அதைச் சுவரில் எழுதிவைக்க வேண்டிய அவசியம் என்ன? இன்று ஷேக்கர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் மெய்ன் மாநிலத்தில் ஒரே கிராமத்தில் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுடைய மேசை நாற்காலிகள் ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. வாங்கியவர்களில் எவரும் அந்த மேசையால் ஷேக்கராக மாறியதாகத் தெரியவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலுடையது. நம்ப முடியவில்லையா, நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய், நம்பிக்கை பின்னால் வரும் என்றார் அவர். உடம்பு முன்னே போனால் மனம் தொடரும். அப்படியானால் குறுகிய நடைவழியும் ஒரு பயிற்சிதானே, தினமும் தோளைத் திருப்பித் திருப்பி ஒருநாள் நட்பு வராதா? வரும், சிலருக்கு வந்தும் இருக்கிறது. ஆனால் பாஸ்கல் சொன்ன பயிற்சி, செய்கிறவர் தெரிந்தே தன்மேல் சுமத்திக்கொள்வது, குறிப்பிட்ட நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்வது. அதற்கு ஒரு விலை உண்டு: அகந்தை கொஞ்சம் அடங்குகிறது. நடைவழியில் நிகழ்வது அவருக்குத் தெரியாமல் அவர்மேல் நிகழ்த்தப்படுவது. அவர் எதையும் தரவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. விரதத்துக்கும் பொறிக்கும் இடையே உள்ள தூரம் அது.

கட்டடக் கலைஞர்கள் வேறொரு சாட்சியைக் கொண்டுவருவார்கள்: லியோனுக்கு அருகே உள்ள லா தூரெத் மடம். மத நம்பிக்கையில்லாத லெ கொர்பூசியே டொமினிக்கத் துறவிகளுக்காகக் கட்டி 1960இல் முடித்தது. நம்பிக்கையுள்ள திறமையில்லாதவரைவிடத் திறமையுள்ள நம்பிக்கையில்லாதவரே மேல் என்று வாதாடி அவரிடம் வேலையைக் கொடுக்க வைத்தவர் கூத்யூரியே என்ற துறவி. ஒவ்வொரு அறையும் 1.83 மீட்டர் அகலம், 2.26 மீட்டர் உயரம். கையை நீட்டினால் இரு பக்கச் சுவரும் தொடும். நம்பாதவர் கட்டிய இடத்தில் ஜெபம் வேர்பிடித்ததே, அப்படியென்றால் வடிவத்துக்குச் சக்தி இருக்கிறதல்லவா? இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் பேச்சு. வரைவதற்கு முன் கூத்யூரியே அவரை லெ தொரொனே என்ற பழைய சிஸ்டர்சியன் மடத்தைப் பார்த்துவரச் சொன்னார், போய்ப் பார்த்தார். துறவிகள் எப்படி நடப்பார்கள், எங்கே மௌனம், எங்கே பேச்சு என்று ஏழு நூற்றாண்டுகள் பழகிய சபை ஒன்று கையில் விவரப் பட்டியலோடு அவர் முன் நின்றது. நம்பிக்கையை அவர் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: ஏறத்தாழ நூறு அறைகள் கட்டிய அந்த மடத்தில் சில ஆண்டுகளுக்குள்ளேயே துறவிகள் எண்ணிக்கை சரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆகச் சிறந்த கட்டடங்களில் ஒன்று என்று உலகம் கொண்டாடிய சுவர்களால் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

கடைசி ஆட்சேபம்தான் எனக்கு உண்மையில் சங்கடம் தருகிறது. எல்லா உறவும் ஏன் விரதமாக இருக்க வேண்டும்? வீட்டில் தனியாக உட்கார்ந்து படம் வரைபவனுக்கும் கணினி நிரல் எழுதுபவளுக்கும் பக்கத்தில் ஒரு மனிதக் குரல், நல்ல வெளிச்சம், முதுகு வலிக்காத நாற்காலி போதும். துறவியோடு ஒப்பிட்டு அவர்களை மட்டம் தட்டுவானேன்? இந்த ஆட்சேபத்தை அப்படியே ஏற்கிறேன். ஏற்றால் பணிக்கூடத்தை வடிவமைப்பவரின் வேலை மாறிவிடுகிறது, சொல்லப்போனால் எளிதாகிவிடுகிறது. அவர் விருந்தினருக்காகக் கட்டுகிறார். விருந்தினரைப் பற்றிப் பெனடிக்டுக்குத் தெளிவான கருத்து இருந்தது. வருகிற எவரையும் கிறிஸ்துவே வந்ததுபோல் வரவேற்க வேண்டும், அவர்களுக்கென்று தனிச் சமையலறை வேண்டும், போதிய படுக்கைகள் வேண்டும். சேர்ந்துகொள்கிறேன் என்று வருகிறவனை மட்டும் லேசில் உள்ளே விடக் கூடாது. நாலைந்து நாள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கட்டும், அவமதிப்பைப் பொறுக்கிறானா பார், பிறகு ஓராண்டு சோதனை. விருந்தினருக்கு மரியாதை உடனே, அங்கத்தினனுக்குத் தாமதமாக. கிரெடிட் கார்டு எண்ணைத் தட்டிய நொடியில் மெம்பர் என்று அழைக்கிற வழக்கம் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறது. விருந்தினருக்கு உரிய கவனிப்பும் முழுதாகக் கிடைப்பதில்லை, அங்கத்தினருக்கு உரிய கடமையும் இல்லை. லா தூரெத்தில் இன்று சிறு துறவிக் கூட்டம் ஒன்று தங்கள் நேரப்படி ஜெபித்துக்கொண்டிருக்கிறது; காலியான அறைகளில் கட்டடக்கலை மாணவர்களும் பயணிகளும் காசு கொடுத்து இரவு தங்குகிறார்கள். ஜெபத்துக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். 1.83 மீட்டர் அறையில் ஓரிரவு படுத்ததற்காக அவர்களை யாரும் டொமினிக்கர் என்று கூப்பிடுவதில்லை.