நடந்ததை நடவாததாக்கல்

நடந்து முடிந்த ஒன்றை நடவாததாக்கும் சக்தி ஈசுவரனுக்கேனும் உண்டா என்ற கேள்வியைப் பதினோராம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்னும் இத்தாலியத் துறவி எழுப்பியபோது, சர்வ வல்லமைக்கு எல்லை கட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த தாமஸ் அக்குவினாஸோ, தன்னைத் தானே மறுக்கும் காரியம் சக்திக்கு உட்பட்ட விஷயமே அன்று என்று தீர்ப்பளித்தார். நம் காலத்து மீகணினிக் கூடங்களில் இவ்வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

2003 நவம்பரில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய மீகணினி மாநாட்டையொட்டி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பீட்டர் கோவனி முதலானோர் 'டெராஜைராய்டு' என்ற பரிசோதனையை நடத்தினர். எண்ணெயும் நீரும் சோப்பையொத்த மூலக்கூறுகளும் கலந்த திரவம், நேர்க்கோடு ஒன்றேனும் இல்லாத ஜைராய்டு என்னும் விசித்திர வளைபரப்பாகத் தானே ஒழுங்குபெறும் விதத்தை, பிரிட்டிஷ், அமெரிக்க மீகணினிகளை இணைத்து, மிகப் பெரிய கணக்கில் பக்கத்துக்கு 1024 வீதம் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளில் கணித்தார்கள். திரையில் உருவாகிவரும் அப்பரப்பை விஞ்ஞானி சுழற்றிப் பார்க்கிறார். ஒழுங்கு கூடிவரவில்லையெனில், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரவங்களுக்கிடையிலான விசையின் அளவை மாற்றுகிறார். அல்லது முன்னொரு கணத்தில் சேமித்துவைத்த நிலைக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து வேறு அளவுகளோடு அவ்வுலகத்தை மீண்டும் நடக்கவிடுகிறார்.

டேமியன் பக்கம் வழக்கு ஜெயித்துவிட்டதுபோல் இருக்கிறது அல்லவா? ஆனால், இம்முறையை வகுத்த ரியாலிட்டிகிரிட் திட்டத்தார் சேமித்த நிலைகளை ஒரு மரமாகக் குறித்துவைத்தார்கள். எந்தக் கிளை எதிலிருந்து, எந்த மாறுதலால் பிரிந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். பின்னோக்கிச் சென்றவர் முதற்கிளையை இல்லாமற் செய்யவில்லை. அது கற்பித்த பாடத்தைக் கொண்டுதான் இரண்டாவதைத் தொடங்கினார். பதிவு முழுவதையும் அவர் அழித்தாலும், அது நடந்தது என்ற உண்மை அழிவதில்லை. தான் சிருஷ்டித்த உலகின் காலத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கும் அவ்வளவே சாத்தியம் எனில், அக்குவினாஸ் சொன்னதே சரி என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

இதனால் பக்திக்குக் குறைவு வந்துவிடுமென்று சிலர் அஞ்சக்கூடும். எனக்கு அந்த அச்சம் இல்லை. செய்த பாவம் செய்யப்படாததாகவே ஆகிவிடுமானால், மன்னிப்பதற்கு ஒருவனும் இரான், மன்னிக்கப்படுவதற்கும் ஒன்று இராது. இழைத்த தீங்கைத் தீங்கென்று முழுதும் அறிந்தே நீளும் கரத்தைத்தான் பக்தர்கள் கிருபை என்கிறார்கள். ஒரு வேற்றுமையை மட்டும் மறைப்பதற்கில்லை: இரண்டாம் கிளையில் ஓடும் திரவத்துக்கு முதற்கிளையின் நினைவு கிடையாது, மன்னிப்புக் கேட்டு வருகிற மனிதனோ இரண்டையும் சுமந்துகொண்டு வருகிறான்.