நட்பும் சுங்கமும்: ஓர் அறச் சிந்தனை

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை மூன்றாவதாக எண்ணப்படுகின்றது. பிறர் பொருளைக் கவராமை என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டு, 'அது நமக்குரிய குற்றமன்று' என நம்மில் பலர் எளிதிற் கடந்து விடுகிறோம். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாசுவாமி ஆசாரியர் அவ்வாறு கடந்து செல்ல நம்மை விடவில்லை. இவ்விரதத்தைக் கறைப்படுத்தும் குற்றங்கள் ஐந்தினை அவர் எடுத்துரைக்கின்றார். திருடத் தூண்டுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசு நிலைகுலைந்த நாட்டில் முறை கடந்து பொருளீட்டுதல், கொள்ளும்போது ஓர் அளவும் கொடுக்கும்போது வேறோர் அளவும் வைத்தல், போலியைக் கலந்து விற்றல் என்பன அவை. இவை அனைத்தும் கன்னமிடும் கள்வனைவிடக் கடை வைத்திருக்கும் கனவானுக்கே மிகுதியும் பொருந்துவன என்பது சிந்திக்கத் தக்கது.

இவற்றுள் நான்காவதாகிய இரட்டை அளவைக் குற்றத்தைத் தனி மனிதர் மட்டுமன்றி நாடுகளும் செய்யக் கூடுமோ? 2025ஆம் ஆண்டில் நம் சேலம், நாமக்கல் சமவெளியின் தறிக்கூடங்களைச் சூழ்ந்த கவலையைக் கண்டபோது இவ்வினா எழுந்தது.

அமெரிக்கா நமக்குப் பகை நாடன்று. 2016இல் இந்தியாவைத் தன் முக்கியப் பாதுகாப்புக் கூட்டாளி என்று அறிவித்த நாடு அது. அந்நாடே 2025 ஆகஸ்டு 7 முதல் இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. ஆகஸ்டு 27 முதல் மேலும் 25 விழுக்காடு சேர, சுமை 50 விழுக்காடாயிற்று. முதல் வரிக்குச் சொல்லப்பட்ட காரணம் வாணிகப் பற்றாக்குறை. 2024ஆம் ஆண்டில் அமெரிக்கா நமக்கு விற்ற சரக்கைவிட நம்மிடம் வாங்கிய சரக்கு ஏறத்தாழ 4,570 கோடி டாலர் மிகுதி. இரண்டாம் வரிக்குச் சொல்லப்பட்ட காரணம், ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்கியது. அதன் பின்னர்ப் பேச்சுகளும் மாற்றங்களும் தொடர்ந்தன. விகிதம் மாறினும் அது எழுப்பிய அறக்கேள்வி மாறாது.

வாஷிங்டனில் இடப்பட்ட கையெழுத்து குமாரபாளையத்தை எவ்வாறு வந்தடைகின்றது என்பதை நாம் அறிதல் வேண்டும். சுங்கத்தை முதலிற் செலுத்துபவர் அமெரிக்காவில் சரக்கை இறக்குபவர். அவர் தம் இழப்பை ஈடுசெய்ய விலையைக் குறைக்குமாறு கரூர், திருப்பூர் ஏற்றுமதியாளரைக் கேட்கிறார். அல்லது ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுகிறார். ஏற்றுமதியாளர் தமக்குத் துணி தருபவரிடம் விலை குறைக்கக் கேட்கிறார். அவர் பள்ளிபாளையத்திலோ திருச்செங்கோட்டிலோ கூலிக்குத் தறி ஓட்டுபவரிடம் கேட்கிறார். கடைசியில் தறியருகே நிற்கும் தொழிலாளியிடம் வந்து சுமை நிற்கின்றது. அவர் கேட்பதற்குக் கீழே ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 31 விழுக்காடு அமெரிக்காவுக்கே செல்கின்றது என்றும், நாடு முழுவதற்கும் அவ்விகிதம் 20 விழுக்காடே என்றும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சுட்டியிருந்தார். ஆதலால் அடி நம் பகுதியில் ஆழமாக விழுந்தது.

அந்தத் தறித் தொழிலாளியின் நிலை முன்னரே எத்தகையது? 2025 ஜூலையில், இந்த வரி நடைமுறைக்கு வருமுன்பே, பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் சுமை தாளாமல் தரகர் வழியே தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்து, அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. உடலுறுப்பை விற்றுக் கடன் தீர்க்கும் அளவுக்கு மெலிந்த வாழ்வின் மீதுதான் இரண்டு பெரு நாடுகளின் பிணக்கு வந்து விழுந்தது. அவர் எந்த நாட்டிடமும் எண்ணெய் வாங்கவில்லை. எந்த நாட்டுக்கும் பற்றாக்குறை உண்டாக்கவில்லை.

'அவரைத் துன்புறுத்த வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லையே. இஃது எவ்வாறு இம்சையாகும்?' என்று கேட்கலாம். நம் ஆசாரியர்கள் இம்சைக்குக் கூறிய இலக்கணத்தை இங்கு நினைத்தல் நலம். பிரமாதம், அதாவது கவனமின்மையுடன் கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதையே அவர்கள் இம்சை என்றனர். கொல்லும் எண்ணம் இல்லாதிருத்தல் மட்டும் போதாது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தலும் வேண்டும். துறவியர் மயிற்பீலியால் தரையை நீவி அமர்வது இதனாலன்றோ? எறும்பின் பொருட்டு இத்துணைக் கவனம் கொள்ளும் அறம், ஒரு கையெழுத்தால் பல்லாயிரம் அடுப்புகள் அணையக் கூடும் என்பதை எண்ணாத அரசினைக் குற்றமற்றது என்று சொல்லாது.

எனினும் நாம் அநேகாந்த நெறியினர். ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுதல் நமக்கு அழகன்று. எதிர்ப்பக்கத்தில் நின்றும் பார்ப்போம்.

வாணிகப் பற்றாக்குறை என்பது களவுமன்று, கடனுமன்று. ஆத்தூர் விவசாயி மளிகைக் கடைக்காரரிடம் ஆண்டு முழுதும் பொருள் வாங்குகிறார். கடைக்காரர் அவரிடம் ஒன்றும் வாங்குவதில்லை. இதனால் விவசாயி ஏமாற்றப்பட்டார் என்று யாரும் கூறார். அவர் வேறோரிடத்தில் விற்று ஈட்டியதை இங்கே செலவிடுகின்றார். நாடுகளின் கணக்கும் பெரும்பாலும் இத்தகையதே. ஆனால் முழுவதும் இத்தகையதன்று. மலிவான அயல்நாட்டுத் துணி வந்து குவிந்தமையால் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மூடப்பட்ட ஆலைகள் பல. அங்கு வேலை இழந்தவரும் நெசவாளரே. மலிவு விலையில் சட்டை கிடைத்த மகிழ்ச்சி நாடெங்கும் பரவிப் போயிற்று. ஆலை மூடிய துயரமோ ஓர் ஊரிலேயே தங்கிற்று. அத்துயரத்துக்குச் செவிசாய்க்காமல் 'பற்றாக்குறையால் தீங்கில்லை' என்று மட்டும் சொல்வதும் ஒருபக்கப் பார்வையே.

இதனை நாம் உணர அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. இச்சமவெளியின் பெயரை வெளியூர்களுக்கு எடுத்துச் செல்லும் பொருள்களுள் நாமக்கல் முட்டையும் சேலத்து ஜவ்வரிசியும் முதன்மையானவை. முட்டை வாணிகம் நம் அறத்துக்கு ஏலாது. கிழங்கை விலக்கிய நோன்பியர்க்கு ஜவ்வரிசியும் ஆகாது. ஆயினும் ஜவ்வரிசியின் வரலாறு நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றது. முன்னாளில் அது மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த பண்டம். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து நின்றபோது, 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யும் தொழில் பிறந்தது. போர் முடிந்து இறக்குமதி மீண்டும் வரத் தொடங்கியதும், நம் உற்பத்தியாளர்கள் பாதுகாப்பு வேண்டி அரசின் கதவைத் தட்டினர். பின்னர் 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2010 ஜனவரி 1 முதல் ஆசியான் நாடுகளுடனான சரக்கு வாணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், தாய்லாந்து, வியட்நாம் நாட்டு மரவள்ளி மாவு மலிவாக வருகின்றது, அதற்கு வரி வேண்டும் என்று அதே சேலத்தார் முறையிட்டு வந்துள்ளனர். அவர்கள் கேட்பது நியாயமற்றது என்று நாம் சொல்வோமா? சொல்லோம். அங்ஙனமாயின் கரோலினா நெசவாளர் கேட்பதை மட்டும் பேராசை என்று சொல்லுதல் முறையாகுமா? தாய்லாந்தின் கிழங்கு விவசாயிக்கு நாம் எவ்வாறு தோன்றுகிறோமோ, அவ்வாறே அமெரிக்கா நமக்குத் தோன்றுகின்றது.

நம் நாட்டின் அளவையையும் பார்த்துவிடுவோம். 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியா விதித்த இறக்குமதி வரியின் எளிய சராசரி 17 விழுக்காடு. வேளாண் பொருள்களுக்கு 39 விழுக்காடு அளவு. அமெரிக்காவின் சராசரி அப்போது 3.3 விழுக்காடே. சிறு நிலத்து உழவர்களைக் காக்க நமக்கு வரி வேண்டும் என்பது மெய். அதே வேளை, 2024-25இல் சீனாவுடன் நமக்கிருந்த பற்றாக்குறை சுமார் 9,900 கோடி டாலர். அதனை நாம் அநீதி என்கிறோம். அமெரிக்காவுக்கு நம்மோடுள்ள பற்றாக்குறையை இயல்பான வாணிகம் என்கிறோம். கொள்ள ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்னும் குற்றம் இரு பக்கத்திலும் இருக்கின்றது.

ஒரு பக்கத்துப் புண்ணுக்கு இட்ட மருந்து மறுபக்கத்தில் புண்ணாவதும் உண்டு. அமெரிக்க வரியால் வாடிய துணித் தொழிலுக்கு உதவ, பருத்தி மீதான 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை நம் அரசு 2025 ஆகஸ்டு 19 முதல் நிறுத்தி வைத்தது. பின்னர் அச்சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. நூற்பாலைக்கு அது நிவாரணம். ஆனால் திருச்செங்கோட்டிலும் கொங்கணாபுரத்திலும் கூட்டுறவுச் சங்க ஏலத்துக்குப் பருத்தி மூட்டை கொண்டுவரும் உழவருக்கு, அது வரிவிலக்குப் பெற்ற அயல்நாட்டுப் பஞ்சோடு போட்டி. நெசவாளரைக் காத்த கை உழவரைத் தள்ளிற்று. வரியிலும் வரிவிலக்கிலும் ஒருவரையும் புண்படுத்தாத வழி எளிதில் இல்லை. ஆதலாலேயே கவனம் வேண்டப்படுகின்றது.

நட்பு நாடுகள் வாணிகத்தால் பிணங்கியது தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழன் பள்ளிச்சந்தமாக அளித்தான். இது 1006ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. இருபது ஆண்டுகள் கடக்குமுன், 1025இல், இராசேந்திரனின் கப்பற்படை அதே கடாரத்தைத் தாக்கிற்று. சீனத்தோடு நடந்த கடல் வாணிகத்தை ஸ்ரீவிசய அரசு இடையில் நின்று தடுத்ததே காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். வணிகர் நலனுக்கென்று தொடங்கிய போரில் இருபுறத்தும் மாண்ட உயிர்களை எந்த மெய்க்கீர்த்தியும் எண்ணிச் சொல்லவில்லை. பின்னர் முதலாம் குலோத்துங்கன் 1090இல் கடாரத்துத் தூதரின் வேண்டுகோளை ஏற்று, அவ்விகாரத்தின் பள்ளிச்சந்த உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். அவனையே நாடு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றியது. கடாரம் கொண்ட பெயரும் சுங்கம் தவிர்த்த பெயரும் ஒரே குலத்தாருடையவை. இவ்விரண்டனுள் எது அறத்துக்கு அணித்து என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அண்மைக் காலத்திலும் இத்தகைய பிணக்கு உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் உற்ற கூட்டாளிகள். 1981இல் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டது. 1987இல் அதன் மின்னணுப் பொருள்கள் சிலவற்றின் மீது 100 விழுக்காடு வரி விழுந்தது. பற்றாக்குறை அதனால் தீர்ந்துவிடவில்லை, கசப்பே மிஞ்சிற்று.

இனி, ரஷ்ய எண்ணெய். இஃது நமக்குச் சற்றுக் கடினமான கேள்வி. 2022க்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ரஷ்யப் பங்கு, உக்ரைன் போருக்குப் பின் மூன்றில் ஒன்றுக்கு மேலாயிற்று. விலை மலிவே காரணம். கள்ளாமைக்கு உமாசுவாமி சொன்ன மூன்றாம் குற்றத்தை விளக்கும்போது, பூஜ்யபாதர், குழப்பமுற்ற நாட்டில் விலையுயர்ந்த பொருளை மலிவாகப் பெற முயல்வதையே குறிப்பிடுகின்றார். ஏழை நாட்டின் அடுப்பெரிய எண்ணெய் வேண்டும் என்பது உண்மையே. எனினும் மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமை அதனால் நீங்கிவிடாது. அதே எண்ணெயை நம்மினும் மிகுதியாக வாங்கிய சீனாவுக்கு அப்போது இவ்வகைத் தண்டவரி இடாமல் நமக்கு மட்டும் இட்டது அமெரிக்காவின் இரட்டை அளவை. அக்குற்றத்தைச் சுட்டும் உரிமை நமக்குண்டு. அதனைச் சுட்டியதால் நம் கணக்கு தூய்மையாகி விட்டது என்று எண்ணும் உரிமை இல்லை.

ஆகவே சுங்கம் தன்னளவில் பாவமன்று. உள்நாட்டு எளியவரைக் காக்க, முன்னறிவிப்போடு, எல்லார்க்கும் ஒரே அளவாக இடப்படும் வரி அரச நீதியுள் அடங்கும். நண்பனைப் பணிய வைக்கும் கருவியாக, திடீரென்று, ஆளுக்கோர் அளவாக இடப்படும் வரி கள்ளாமைக்கும் கொல்லாமைக்கும் ஒருங்கே மாறானது.

அரசுகள் நம் சொல் கேட்டு நடப்பதில்லை. நாம் செய்யக் கூடுவது யாது? திசைவிரதம் என்று ஒன்று நமக்குண்டு. வாணிகத்துக்கும் பயணத்துக்கும் தனக்குத்தானே எல்லை வகுத்துக் கொள்வது அது. எல்லை வகுத்தவனுக்கு ஆசை தன் உள்ளங்கையில் அடங்கும். ஒரே சந்தையின் இலாபத்தை நம்பித் தறிகளைப் பெருக்கியோர் அடைந்த இன்னலைக் கண்டபின் அவ்விரதத்தின் பொருள் நமக்கு இன்னும் தெளிவாக வேண்டும். நம்முள் துணிக்கடை வைத்திருப்போர், நூல் வாணிகர், ஆலைகளிற் கணக்குப் பார்ப்போர் உளர். விலையைக் குறைக்கும் கோரிக்கை மேலிருந்து வரும்போது, அதனை அப்படியே கீழே தள்ளாமல், தம் பங்கினைத் தாம் ஏற்று எஞ்சியதை மட்டும் பகிர்வாராயின், அதுவே அபரிக்கிரகம். தொழிலாளியின் கூலியைத் தொடுமுன் தம் இலாபத்தைத் தொடுவாராயின், அதுவே அகிம்சை.

தசலட்சண நாள்களில் நாம் உத்தம க்ஷமையைப் போற்றி ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கிறோம். இவ்வாண்டு அவ்வேளையில் நம் வீட்டு மரக்காலையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். கொள்ளவும் கொடுக்கவும் அஃது ஒன்றாகவே இருக்கின்றதா என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். அருகன் திருவறம் நமக்குத் துணை நிற்பதாகுக.