எறும்புக் கூட்டின் வடிவம் யாருடையது?

எறும்பு வளர்ப்பவர்களுக்குத் தேவைப்படும் கருவிகள் மிகச் சில. மழைக்குப் பின் இணைசேரப் பறந்து, சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் ஓடும் ராணி எறும்பைப் பிடித்து ஒரு சோதனைக் குழாயில் விடுவார்கள். குழாயின் அடியில் தண்ணீர், அதைத் தடுத்து நிறுத்தப் பஞ்சு, வாயில் காற்றுப் புகும் அளவுக்கு இன்னொரு பஞ்சு. தொடக்கத்திற்கு அவ்வளவு போதும். கட்டெறும்பு போன்ற இனங்களில் இந்த நாட்களில் ராணி இரை தேட வெளியே வருவதில்லை. இனிப் பயன்படாத சிறகுத் தசைகளைக் கரைத்தே முதல் வேலைக்கார எறும்புகளை வளர்த்துவிடும். கூட்டம் பெருகிய பிறகுதான் கூடு வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நுரைக் கான்கிரீட், அக்ரிலிக், முப்பரிமாண அச்சு என எதில் செய்தாலும் அதன் அடிப்படை ஒன்றே: ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்வாகவும் இருக்க வேண்டும், நடுவே எறும்பு தனக்கேற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ள வழி இருக்க வேண்டும். முட்டையையும் புழுவையும் ஈரமான அறைக்குத் தூக்கிப் போவதும், கூட்டுப்புழுவை உலர்ந்த பக்கம் அடுக்குவதும் எறும்பே செய்துகொள்ளும் வேலை.

இப்படியொரு கூட்டுக்குப் புதிய வடிவம் கண்டவர், இருபது ஆண்டுகளுக்கு அதை வேறெவரும் செய்யக் கூடாது என்று தடுக்கும் உரிமையைக் கோரலாமா? இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. சட்டம் அந்த உரிமையைத் தருமா என்பது எளிய கேள்வி. தந்தாலும் அதைக் கேட்பது முறையா என்பதே கடினமான கேள்வி.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970 மூன்றைக் கேட்கிறது: பொருள் புதியதாக இருக்க வேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். அதன் 3ஆம் பிரிவு எவையெவை கண்டுபிடிப்பு ஆகா என்று சொல்கிறது. இயற்கையில் ஏற்கெனவே உள்ளதைக் கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது. தெரிந்த கருவிகளைத் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யும்படி மாற்றி அடுக்குவதும் ஆகாது. குழாய், பஞ்சு, நீர்த்தொட்டி, கண்ணாடி, துவாரம் ஆகியவற்றைப் புது வரிசையில் சேர்த்த பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் தடையிலேயே நின்றுவிடும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் பொருளின் தோற்றத்துக்கு மட்டும் பத்து ஆண்டுகளும், கேட்டால் மேலும் ஐந்து ஆண்டுகளும் காப்புத் தரும். ஆனால் எறும்பு பிழைப்பது கூட்டின் அழகால் அல்ல, ஈரத்தால்.

முன்னோர் செய்துவைத்ததும் ஏராளம். ஆங்கிலேயரான ஜான் லப்பக் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய மண் படலம் வைத்து எறும்புகளை வளர்த்து, 1882இல் எறும்பு, தேனீ, குளவி பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் வளர்த்த ஒரு ராணி ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது. பிரெஞ்சு அறிஞர் சார்ல் ஜானே, மண்ணுக்குள் எல்லாப் பக்கமும் பரவும் கூட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே நிமிர்ந்த தட்டையான கூடாக்கி, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ஃபிராங்க் ஆஸ்டின் எறும்புக் கூடுகளை விற்கத் தொடங்கி, 1931இல் காப்புரிமையும் பெற்றார். கால் நூற்றாண்டு கழித்து, 1956இல், மில்டன் லெவின் 'ஆன்ட் ஃபார்ம்' என்ற பிளாஸ்டிக் பெட்டியை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார். அந்த வணிகத்துக்கு நெடுங்காலம் துணை நின்றது பெட்டியின் அமைப்பைப் பூட்டும் உரிமை அன்று, வணிகக் குறியாகப் பதிவான அந்தப் பெயர். இந்த வரிசையில் எவரும் வெறும் தரையிலிருந்து தொடங்கவில்லை.

முறையா என்ற கேள்வியை எண்ணிப் பார்க்கத் தமிழகத்தில் பொருத்தமான ஓர் இடம் சேந்தமங்கலம். நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள இவ்வூரின் சன்னியாசிக் கரட்டில் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. பற்றனைத்தையும் துறந்த அவதூதர்களின் மரபில் வந்த சுயம்பிரகாச சுவாமிகள் தவமிருந்த இடம் அது. புதுக்கோட்டை புவனேஸ்வரி கோயிலோடும் சேலம் ஸ்கந்தாசிரமத்தோடும் பெயர் இணைந்த சாந்தானந்த சுவாமிகள் அவருடைய சீடர். இந்த மரபு தத்தாத்ரேயரோடு சேர்த்துச் சொல்லும் புகழ்பெற்ற பகுதி, பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் வரும் அவதூதரின் உரை. யது மன்னனிடம் அவர் தமக்கு இருபத்துநான்கு குருமார் உண்டு என்கிறார். மண், காற்று, கடல் போன்றவற்றோடு மலைப்பாம்பு, விட்டில், தேனீ, தேன் எடுப்பவன், சிலந்தி, குளவி, அம்பு செய்பவன் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவர்களுள் ஒருவரும் கற்பிக்க வந்தவர் அல்லர். தம் வாழ்வை வாழ்ந்தார்கள், பார்த்தவர் கற்றுக்கொண்டார். கற்றதற்குக் கட்டணம் இல்லை, கற்றது தமக்கே என்ற உரிமையும் இல்லை. அவதூதர் தாம் கற்றதை அரசனிடம் அப்படியே கொட்டிவிடுகிறார்.

எறும்புக் கூடு செய்பவரின் நிலையும் இதற்கு மிக அருகில் இருக்கிறது. எந்த அகலத்தில் பாதை இருந்தால் எறும்பு தயங்காது, எந்த உயரத்தில் அறை இருந்தால் குஞ்சுகளைக் கொண்டுவந்து குவிக்கும், எவ்வளவு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பவற்றை அவர் எறும்பிடமிருந்தே அறிகிறார். பழைய கூட்டைக் காலிசெய்து புதியதில் குடியேறினால் வடிவம் சரி என்று பொருள், குடியேறாவிட்டால் தவறு. இறுதித் தீர்ப்பு எறும்பினுடையது. அப்படியானால் வடிவத்தில் மனிதருடைய பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு தேன்பெட்டியினுடையது. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகால் நிரப்புவதில்லை, பிசினால் ஒட்டுவதும் இல்லை என்பதை உணர்ந்து, எடுத்து மாட்டக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியைச் செய்தார். 1852 அக்டோபர் 5 அன்று காப்புரிமையும் கிடைத்தது. கண்ட இடமெல்லாம் பெட்டியை நகலெடுத்தார்கள். உரிமையை நிலைநாட்டும் போராட்டத்தில் அவர் களைத்தாரே தவிர செல்வம் சேரவில்லை. அந்த இடைவெளி அவர் உண்டாக்கியது அன்று. தேனீ தன் உடலுக்கு விட்டுக்கொள்ளும் வழி அது. கழற்றக்கூடிய சட்டம் மட்டுமே அவர் சேர்த்தது. உலகத் தேனீ வளர்ப்பை மாற்றியதும் அதுதான் என்பதால் அவருக்குரிய புகழ் சிறிதும் குறையாது.

தமிழகத்தில் இந்தக் கதை வேறு வழியில் போனது. நம் அடுக்குத் தேனீ மேலைநாட்டுத் தேனீயைவிடச் சிறியது. பெரிய பெட்டி அதற்கு ஒவ்வாது. அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் அதன் அளவுக்கு ஏற்பச் சிறிய பெட்டி வகுத்து, தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். அளவு தெரிந்த எந்தத் தச்சரும் செய்யலாம். பெயர் அவரிடம் நிற்கிறது, பெட்டி எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு கருவி பரவ வேண்டிய விதம் இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று ஊரில் சொல்வார்கள். உழைத்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்ற மனக்குறை அதில் இருக்கிறது. வியப்பு என்னவென்றால், அவதூதரின் இருபத்துநான்கு குருமாருள் பாம்பும் ஒன்று. வீடு கட்டுவது துன்பம், பிறர் கட்டியதில் பாம்பு இன்பமாக வாழ்கிறது என்று அவர் அதைப் புகழ்கிறார். ஒரே நிகழ்ச்சியைப் பழமொழி கரையானின் பக்கம் நின்று பார்க்கிறது, துறவி பாம்பின் பக்கம் நின்று பார்க்கிறார். துறவியின் பார்வை வீட்டை வேண்டாதவனுக்குரியது. கூடு செய்து விற்றுக் குடும்பம் நடத்துபவருக்கு அதை அறிவுரையாகக் கூறுவது நேர்மை ஆகாது. மாதக்கணக்கில் தவறிச் செய்து தேறிய வடிவத்தை, அச்சுவார்க்கும் ஆலை ஒன்று ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் செய்து பாதி விலைக்கு விற்றால், பழமொழியின் பக்கமே நியாயம் இருக்கிறது.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் இந்த நியாயத்துக்கு ஒரு வடிவம் தந்தார். பொதுவில் கிடந்த பொருளோடு ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடையது ஆகிறது. ஆனால் மற்றவர்களுக்கும் போதுமானதும் அதே தரமானதும் எஞ்ச வேண்டும். இந்த நிபந்தனையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். எறும்புக் கூட்டில் உழைப்பு மனிதருடையதுதான். ஆனால் நீர் கசியும் சுவர், உலர்ந்த அறை, கண்ணாடி முகப்பு ஆகிய அடிப்படை வழிகள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்றை ஒருவர் பூட்டினால் அதே தரத்தில் இன்னொன்று எஞ்சுவதில்லை.

உரிமைப் பத்திரம் எளியவரைக் காக்கவும் செய்யும், எளியவரிடமிருந்து பறிக்கவும் செய்யும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றும் அதைப் பெருநிறுவனம் எதற்கும் தனியுரிமையாக விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுசென்றார். இதற்கு மாறாக, மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் ஒரு காப்புரிமை தரப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்ததை அங்கே புதிது என்று எழுதிவைத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து வாதாடி, 1997இல் அது நீக்கப்பட்டது. கொல்லிமலையின் மலையாளி மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த சாமையும் தினையும் கேழ்வரகும் இதே ஆபத்தின் எல்லையில் நிற்பவை. அந்த அச்சத்தை மனத்தில் கொண்டே 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் புதிய ரகம் உண்டாக்கியவருக்கு உரிமை தந்தபோதே, உழவர் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உள்ள உரிமையையும் எழுதிவைத்தது. வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே தடுத்தது. உருவாக்கியவருக்கு மதிப்பு, பயன்படுத்துபவருக்குத் தடையின்மை என்ற இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இத்தனைக்கும் மேலே எறும்பு வளர்ப்புக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. முடிவை அதுவே தீர்மானிக்க வேண்டும். நாப்கின் இயந்திரத்தில் உயிர் அடைபட்டிருக்கவில்லை. எறும்புப் பெட்டியில் இருக்கிறது. வாசலில் அரிசி மாவால் கோலம் இட்டு எறும்புக்கு உணவாகட்டும் என்று நினைத்த வழக்கமும், திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பு வடிவில் வந்து வழிபட்டதாகச் சொல்லும் எறும்பீசுவரர் கோயிலும் இந்த மண்ணில் எறும்பை அற்பமாக எண்ணவில்லை என்பதைக் காட்டுகின்றன. கோலமாவு இட்டவர் எறும்பை அடைத்துவைக்கவில்லை. அடைத்துவைப்பவருக்குக் கடமை இன்னும் பெரிது. வெளியே இருந்தால் ஈரம் குறையும்போது எறும்பு ஆழமாகத் தோண்டும், வெள்ளம் வந்தால் மேலேறும். பெட்டிக்குள் அந்த வழிகளை எல்லாம் எடுத்துவிட்டவர், அவற்றுக்கு ஈடுசெய்யும் கடனை ஏற்றுக்கொள்கிறார்.

பஞ்சு நெகிழ்ந்து நீர் பெருகி ஒரு கூட்டமே மூழ்கிப்போவதும், தொட்டி வற்றியதை அறியாமல் காய்ந்துபோவதும் வளர்ப்பவர்கள் அறிந்த இழப்புகள். இவற்றைத் தடுக்கும் ஒரு நீர்த்தொட்டியை ஒருவர் கண்டுபிடித்தால், அது அந்தக் கடனில் அடைத்த ஒரு தவணை. அதை இருபது ஆண்டுகள் பூட்டிவைத்தால், வாங்க இயலாதவர் வீட்டு எறும்புகள் தடுத்திருக்கக்கூடிய சாவைச் சாகும். லப்பக்கின் ராணி வாழ்ந்தது ஏறத்தாழ 15 ஆண்டுகள். காப்புரிமைக் காலம் அதைவிட நீண்டது. வடிவத்துக்கு ஆசிரியனாக இருந்த உயிரின் வாழ்நாள் முழுவதையும் மூடிவிடும் உரிமையைக் கேட்பது முறை ஆகாது. உயிரைக் காக்கும் பகுதிக்கு இது முழுமையாகப் பொருந்தும். விளக்கொளி, நிறம், அலங்கார முகப்பு போன்றவற்றுக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். அவற்றுக்கு வடிவமைப்புப் பதிவு பெற்றால் எறும்புக்கு நட்டமில்லை.

காசுக் கணக்கும் இதையே சொல்கிறது. தனிநபர் இணையவழியில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் அரசுக் கட்டணம் ₹1,600தான். ஆனால் பரிசோதனைக் கட்டணம், மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்பு, வழக்கறிஞர் செலவு எல்லாம் தொடர்ந்து வரும். உரிமைப் பத்திரம் நகலை நிறுத்துவதில்லை. நகலெடுத்தவர்மீது வழக்குத் தொடுக்க மட்டுமே வழிசெய்கிறது. அதுவும் பதிவான நாட்டுக்குள் மட்டும். சில நூறு பேர் வாங்கும் பொருளுக்கு இந்தச் செலவு கட்டுபடியாகாது. விற்பவருக்குத் தம் பெயரை வணிகக் குறியாகப் பதிவதே போதுமான காவல். அவர் செய்யும் பெட்டியின் தரத்தை நம்பி வருபவர் அந்தப் பெயரைத்தான் தேடுவார்.

பொதுவில் வைக்க முடிவு செய்தவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாய்வழியாகப் பரவினால் மட்டும் போதாது. நாளைக்கு வேறொருவர் அதையே தம்முடையது என்று விண்ணப்பிக்கலாம். மஞ்சளுக்கு நேர்ந்தது அதுதான். வரைபடத்தையும் அளவுகளையும் செய்முறையையும் தேதியோடும் செய்தவர் பெயரோடும் அச்சில் வெளியிட்டுவிட்டால் அது முன்னரே அறியப்பட்டது ஆகிறது. அதன்பின் வரும் விண்ணப்பத்தை, உரிமை தருவதற்கு முன் எவரும் 25ஆம் பிரிவின்படி எதிர்க்கலாம். உரிமை தந்துவிட்டால், அது வெளியான ஓராண்டுக்குள் தொடர்புடையவர் எதிர்க்கலாம். வெளியிட்டவர் பின்னர் மனம் மாறித் தாமே விண்ணப்பித்தாலும், சட்டம் வகுத்த சில விலக்குகள் தவிர, அவருக்கும் அந்த உரிமை கிடைக்காது. எனவே வெளியிடுவதற்கு முன்பே நன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்.