காதில் விழாத 'கண்ணே'

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா மகளைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வரும்போது பாடச்சொல்லி மெல்லிசைக் குழுவுக்குத் துண்டுச்சீட்டு போயிருந்தது. அதில் 'கண்ணான கண்ணே' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வீட்டார் நினைத்தது 2019 பொங்கலுக்கு வந்த 'விஸ்வாசம்' பாட்டை. பாடகர் எடுத்ததோ 2015இல் வந்த 'நானும் ரௌடிதான்' பாட்டை. முன்னது தகப்பன் பாட்டு. பின்னது காதலிக்குச் சொல்லும் ஆறுதல். பின்வரிசைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா அழுதார். முதல் இரண்டு சொல்லுக்கு மேல் அவர் காதில் எதுவும் விழுந்திருக்காது.

நம்மிடம் சினிமாப் பாட்டுக்குத் தனிப்பெயர் கிடையாது, முதலடிதான் பெயர். அதுவும் பாதிப் பாட்டுகளில் யாரையாவது கொஞ்சிக் கூப்பிடுவதாகவே இருக்கும். குழம்பாமல் என்ன செய்யும்? படங்களுக்கும் அதே சொற்கள்தான்: 1966இல் 'அன்பே வா', 2003இல் 'அன்பே சிவம்'. 'மூன்றாம் பிறை'க்குக் கண்ணதாசன் எழுதிய 'கண்ணே கலைமானே'யை 2019இல் சீனு ராமசாமி ஒரு படத்துக்கே தலைப்பாக்கினார்.

அன்று இரவு பேருந்தில் வரும்போது இந்தப் பாட்டுகளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். ஒரு விஷயம் உறைத்தது. 'விஸ்வாசம்' படத்தில், பக்கத்திலேயே காவலாக நிற்பவர் தன் அப்பா என்று அந்த மகளுக்குத் தெரியாது. 'நானும் ரௌடிதான்' நாயகிக்குக் காது கேட்காது. 'மூன்றாம் பிறை'யின் ஸ்ரீதேவியோ நினைவு தவறிக் குழந்தையாகிப்போனவள். குணமான பிறகு, பாடியவனையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று கண்ணேயும் போய்ச் சேராத கண்ணே.

யோசித்தால் அதில் வியப்பில்லை. 'கண்ணே' தாலாட்டுச் சொல். பிள்ளை தூங்கத்தான் அதைப் பாடுகிறோம். பாடி முடிக்கும்போது கேட்க ஆள் இருக்காது. காதலர்கள் அதைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்தும் சினிமாவில்தான் செலவழித்தார்கள். கட்டிய மனைவியைக் 'கண்ணே' என்று கூப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அம்மா "என்னங்க" என்பாள், அப்பா "ஏ, இந்தா" என்பார். அந்த இரண்டிலேயே நாற்பது வருடக் குடும்பம் நடந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. பூக்காரம்மா முன்பின் தெரியாதவனைக்கூட "கண்ணு" என்பார், "சாமி" என்பார். முதல்முறை என்னை அப்படிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். நான் திருநெல்வேலிக்காரன். எங்களுக்குப் பாசம், கோபம் எல்லாமே "ஏலே"தான். குரலை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்தது. ஒருநாள் நள்ளிரவில் அப்பா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார் போல. "கண்ணு" என்றார், மெதுவாக, ஒரே ஒரு தடவை. நான் இமையை அசைக்கவில்லை. அசைத்திருந்தால் அவருக்கு வெட்கமாகப் போயிருக்கும், எனக்கும்தான். காலையில் வழக்கம்போல, "ஏலே, கஞ்சி குடிச்சியா?"

அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. முழித்துத்தான் இருந்தேன் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

என் மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள். "சாப்பிட்டியா?" என்பேன், "ம்" என்பாள், "சரி, வைக்கட்டா?" என்பேன். என் கைபேசியில் அவள் எண்ணைக் 'கண்ணு' என்று பதிந்து வைத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது.