குருதியுறவும் அறக்கடப்பாடும்

உயிர்கள் யாவும் உறவினவே என்பது நெடுங்காலம் சமயவுணர்வாகவும் கவிதைக் கற்பனையாகவுமே கருதப்பட்டது. அவ்வுறவைக் குருதியிலேயே அளந்து காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் நட்டல் ஆவார். முயலொன்றினுள் மனிதக் குருதிநீரைச் செலுத்துமிடத்து, அதன் புரதங்களுக்கு எதிராக முயலின் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. அம்முயலின் குருதிநீரைப் பிற விலங்குகளின் குருதியுடன் கலந்தால், மனிதனுக்கு உறவு நெருங்குமளவுக்கு வீழ்படிவும் மிகும். ஏறத்தாழ 16,000 சோதனைகளின் பெறுபேறுகளை நட்டல் 1904 இல் நூலாக வெளியிட்டார். வாலில்லாக் குரங்குகளே மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினவாகக் காணப்பட்டன.

இவ்வறிவு மனிதனிடம் இரக்கத்தை வளர்த்ததா? நெருங்கிய உறவு என்ற அதே காரணமே சிம்பன்சியை ஆய்வுகூடக் கூண்டினுள் அடைத்தது. ஈரலழற்சி 'பி' வைரசு அதனையும் தொற்றுமாதலால், அந்நோய்க்கான தடுப்புமருந்து அதன் உடலிலே சோதிக்கப்பட்டது. உடலால் மனிதனை ஒத்தது என்பதனால் அது சோதனைக்கு உகந்ததாயிற்று. மனிதன் அன்று என்பதனால் அச்சோதனை குற்றமற்றதாயிற்று. ஒப்புமையைப் பயனுக்கும் வேற்றுமையை நியாயத்துக்கும் கொள்ளும் இத்தர்க்கம் தன்னுள்ளே முரண்பட்டதாகும்.

அவ்வாறாயின், உறவின் நெருக்கத்துக்கேற்பக் கடப்பாட்டை வகுத்துவிடலாமா? குதிரைலாட நண்டு அதற்கு இடந்தராது. மனிதக் குருதியில் அழற்சியின்போது பெருகும் சீ-எதிர்வினைப் புரதத்துக்கு இனமான புரதம் அதன் நீலக் குருதியிலும் உண்டு. எனினும் அவ்வுறவு மிகத் தொலைவானது. அதன் குருதிக் கலங்களின் சாறு பற்றீரிய நஞ்சின் சிறு சுவடு பட்டாலும் உறையும். எனவே ஊசிமருந்துகளின் தூய்மை பல்லாண்டுகளாக அதனைக்கொண்டு சோதிக்கப்பட்டு வருகின்றது. குருதி எடுத்தபின் கடலில் விடப்படும் நண்டுகளுள் ஒரு பகுதி இறந்துபடுகின்றது. ஊசிமருந்தால் உயிர் பிழைத்தோர் பலர், தாம் அறியாமலே அவ்வுயிருக்குக் கடன்பட்டோராவர்.

நோயாளியின் உயிரைப் புறக்கணிப்பதும் அறமாகாது. ஆயினும் தேவை என்னும் நியாயம் வேறு வழியில்லாதவரையே செல்லும். அந்நண்டின் குருதிச் சாற்றில் நஞ்சை உணரும் புரதத்தைச் சிங்கப்பூர் ஆய்வாளர் மரபணுத் தொழினுட்பத்தால் ஆக்கிக் காட்டியபின், மாற்றுவழியே இல்லையெனல் பொருந்தாது.

குருதிச் சோதனை உறவின் அளவை உரைக்கும்; கடமையின் அளவை உரைக்காது. கடமை, பெற்ற பயனிலும் விளைத்த துன்பத்திலும் தங்கியுள்ளது. அவ்விரண்டையும் கணக்கிற் கொள்ளும் பொறுப்பு, சோதனையை நடத்தும் உயிராகிய மனிதனையே சாரும்.