காலி நாற்காலிக்கு யார் பொறுப்பு?

தலைவர் இறந்த பிறகு ஒரு கட்சி உடைந்தால் பழி யாரைச் சேரும்? உடைத்தவர்களையா, உடையாமல் இருக்க எந்த ஏற்பாடும் செய்யாமல் போனவரையா? நாம் வழக்கமாக முதல் ஆட்களைத்தான் திட்டுகிறோம். அது சுலபம். இறந்தவரைத் திட்டுவது நாகரிகமும் இல்லை.

அதிமுக கதை தெரிந்ததுதான். 2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 75 நாட்கள். டிசம்பர் 5 அன்று மறைந்தார். அந்த மாதமே சசிகலா தற்காலிகப் பொதுச்செயலாளர் ஆனார். 2017 பிப்ரவரி 5 அன்று ஓ. பன்னீர்செல்வம் முதல்வர் பதவியை ராஜினாமா செய்தார். இரண்டே நாளில் மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் கண்மூடி உட்கார்ந்துவிட்டு எழுந்து, தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார். எம்எல்ஏக்கள் கூவத்தூர் சொகுசு விடுதிக்குப் போனார்கள். கூவத்தூர் அப்போது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, அந்தப் பெருமையும் எங்களுக்கு உண்டு. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122 ஓட்டுகளுடன் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார்.

ஓபிஎஸ்ஸின் அந்த மெரினா இரவை நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாற்காலி போன பிறகு விழிக்கும் மனசாட்சி பொய்யானது என்று சொல்ல மாட்டேன். தாமதமானது, அவ்வளவுதான். ஆனால் அவர் எங்கே பேசப் பழகியிருப்பார்? 2001லும் 2014லும் முதல்வரானபோது, ஜெயலலிதாவின் நாற்காலியில் அவர் உட்காரவில்லை என்பதுதான் அவருடைய பெரிய தகுதியாகப் பேசப்பட்டது. நாற்காலியில் உட்காராமல் இருப்பதற்காகவே பதினைந்து வருஷம் பாராட்டப்பட்ட ஒருவரிடம், திடீரென்று ஒருநாள் 'ஏன் அன்றைக்கே எதிர்த்துப் பேசவில்லை?' என்று கேட்கிறோம்.

எங்கள் துறையில் 'ஸ்ப்ளிட் பிரெய்ன்' என்று ஒரு கோளாறு உண்டு. இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்று தலைமை, இன்னொன்று அதன் நகல். நடுவில் நெட்வொர்க் அறுந்தால் இரண்டுமே 'நான்தான் தலைமை' என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாகக் கணக்கு எழுத ஆரம்பித்துவிடும். நடந்த பிறகு சரிசெய்ய உட்கார்ந்தால் தூக்கம் போச்சு. அதனால், தொடர்பு அறுந்தால் யார் தலைமை என்பதைப் பெரும்பான்மையை வைத்து முடிவுசெய்யும் ஏற்பாட்டை, எல்லாம் நன்றாக ஓடும்போதே செய்து வைப்பார்கள். இரண்டு சர்வரில் எது கெட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இதை யார் இப்படி அமைத்தது என்றுதான் கேட்பார்கள். மனிதர்கள் சர்வர்கள் இல்லை, அவர்களுக்குப் பேராசை உண்டு, தெரியும். பேராசை இருப்பதால்தான் ஏற்பாடு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

அந்தக் கட்சிக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்ஜிஆர் மறைந்ததும் ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இதே கட்சி பிளந்தது. இரட்டை இலை முடங்கியது. 1989 தேர்தலில் ஒரு அணி சேவலிலும் இன்னொன்று இரட்டைப் புறாவிலும் நின்றது, திமுக ஆட்சிக்கு வந்தது. அந்தக் காயத்தை நேரில் பட்டவர் ஜெயலலிதா. அவரே தனக்குப் பின் யார் என்ற கேள்வியைக் கடைசிவரை யாரும் கேட்கக்கூடாத கேள்வியாக வைத்திருந்தார். என் கணக்கில் பெரிய தவறு இதுதான்.

காலி நாற்காலி நம் அரசியலில் ஒரு மரியாதைச் சின்னம். 1949இல் திமுக தொடங்கியபோது தலைவர் பதவியைப் பெரியாருக்காகக் காலியாக விட்டுவிட்டு, அண்ணா பொதுச்செயலாளராக இருந்தார். ஆனால் அதே காஞ்சிபுரத்துக்காரர் 1955இல் அந்தப் பொதுச்செயலாளர் பதவியையும் நெடுஞ்செழியனிடம் கொடுத்துவிட்டு ஐந்தாண்டுகள் ஒதுங்கி நின்றார். 1962இல் சொந்த ஊரிலேயே அண்ணா தோற்றார், கட்சி 50 இடங்களில் ஜெயித்தது. தலைவர் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒன்றை அவர் உண்டாக்கியிருந்தார். சம்பத் பிரிந்து போனார், சண்டை இல்லாமல் இல்லை. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தபோதும் போட்டி வந்தது. ஒரு வாரத்தில் கருணாநிதி முதல்வரானார், கட்சி உடையவில்லை. (அதே திமுக பிறகு வாரிசு என்ற வழியில் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டது. பதில் கிடைத்தது, ஆனால் அது கேட்ட கேள்விக்கான பதில் இல்லை.)

2017 செப்டம்பரில் அதிமுக பொதுக்குழு செய்தது வேறு. பொதுச்செயலாளர் பதவியையே நீக்கி, ஜெயலலிதாவை நிரந்தரப் பொதுச்செயலாளர் ஆக்கியது. உயிரோடு இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நம்பாததால், இறந்தவரை உட்கார வைத்தார்கள். ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரட்டைத் தலைமை ஐந்து வருஷம் தாக்குப்பிடித்ததே ஆச்சரியம். 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் பொதுக்குழு ஓபிஎஸ்ஸை நீக்கிக்கொண்டிருந்தபோது, ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் கல்லும் கட்டையும் பறந்தன.

முசரவாக்கத்தில் என் பெரியப்பா, நெசவாளர், 1972இலிருந்து கட்சிக்காரர். தறியை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்டார்: "கட்சி யாருதுன்னு கோர்ட்டுல கேக்குறாங்களே, எங்கிட்ட ஒருத்தனும் கேக்கலியேடா?" சட்டத்திலும் அதற்கு இடம் குறைவு. 1968 சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்திப்படி தேர்தல் ஆணையம் முடிவெடுக்கிறது. 1969 காங்கிரஸ் பிளவு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோல் பெரும்பான்மை. நடைமுறையில் எண்ணப்படுவது எம்பி, எம்எல்ஏ, பொதுக்குழு உறுப்பினர் தலைகள். 2017 நவம்பரில் இரட்டை இலை கிடைத்ததும் அப்படித்தான். பெரியப்பாவின் தலை அதில் வராது.

2025இல் செங்கோட்டையன், பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். முதலில் பொறுப்பு போனது, அடுத்த மாதமே கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். அவர் நோக்கம் சுத்தமா என்று எனக்குத் தெரியாது. ஒரு கருத்தைச் சொல்ல, வெளியேறுவதைத் தவிர வேறு வாசல் அங்கே இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

இத்தனைக்கும் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள்தான் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்ஜிஆர் விதி எழுதி வைத்திருந்தார். 2022இல் அந்தப் பதவி திரும்ப வந்தது, கூடவே நிபந்தனைகளும் வந்தன. போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டுகள் இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச் 28 அன்று எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். வாக்குச்சீட்டு அச்சடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.